சாட்சித் துண்டு

ஜனவரி 9

பொட்டலத்துக்கு,

இந்தப் பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்திருப்பாய். கிழிக்காதே. போன வருஷம் அம்மா வீட்டு வாசலில் நாம் பேசிய பேச்சு எனக்கும் மறக்கவில்லை. "நீ கூட இருந்தும் என்ன பிரயோஜனம்?" என்று நீ கேட்டாய். "நீ வந்தும் என்ன பிரயோஜனம்?" என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு போனில் பேசியபோதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டு முடிப்பதற்குள் சண்டை வந்தது. அதனால்தான் கடிதம்.

நேற்று எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினாள். எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சம். ஆளாளுக்கு அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என்னை மறந்து, "சாட்சிய ஏன் விட்டு வெச்சிருக்கீங்க? ரெண்டா பிச்சு யாராவது எடுங்க" என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சாட்சியா? யார் மேல கேஸ்?" என்றார்.

என்ன சொல்லுவேன்? தட்டில் மிஞ்சுகிற கடைசித் துண்டுக்கு எங்கள் வீட்டில் சாட்சி என்று பெயர். 'தட்டில் ஏதோ இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி' என்று அப்பா ஒரு நாள் சொன்னதில் பிறந்த வார்த்தை. அதை ஒருவர் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டாகப் பிய்த்தால் எடுக்கலாம் என்பது அம்மா போட்ட சட்டம். இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் துண்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சாட்சி என்றால் என்னவென்று தெரிந்தவன், என்னைத் தவிர, இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். அப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். அந்த வீட்டுப் பாஷையைப் பேச மிச்சமிருப்பது இரண்டே பேர், அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

அப்பாவின் கோபத்துக்கு எத்தனை பெயர் வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஊருக்கெல்லாம் கோபம், சினம், ஆத்திரம் எல்லாம் ஒன்றுதான். நமக்கு அப்படி இல்லை. 'முக்காலி' என்றால் சமையலறை முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். 'துடைக்கிறார்' என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் தேய்க்க ஆரம்பித்துவிட்டார், பக்கத்தில் போகாதே. 'தபால்' என்றால் ஒரே அறையில் இருந்துகொண்டே, "உங்கம்மாகிட்ட காப்பி கேட்டேன்னு சொல்லு" என்பார். அம்மாவும் சளைக்காமல், "உங்கப்பாகிட்ட சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னு சொல்லு" என்பாள். நீயும் நானும் நடுவில் ஓடுவோம். இப்போது நாமே தபாலில் இருக்கிறோம், பொட்டலம். நடுவில் ஓடப் பிள்ளைகள் இல்லை, அதனால் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசி நாள் மத்தியானம் அம்மா ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். 'நிக்கிலி.' என் முகத்தைப் பார்த்து, எதையோ கேட்கிற குரலில் சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன். தலையணையை உயர்த்தினேன், இறக்கினேன். ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதையே கேட்டாள். நர்ஸ் வந்து, "காய்ச்சல்ல ஏதோ பெனாத்துறாங்க, நீங்க உக்காருங்க" என்றாள். அது பெனாத்தல் இல்லை. நம் வீட்டு வார்த்தை என்று காதில் விழுந்தவுடனே தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரியாத வார்த்தை.

நான் ஹாஸ்டலில் படித்த வருஷங்களில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போதெல்லாம் வீட்டில் புதிதாக ஒன்றிரண்டு வார்த்தை இருக்கும். நீங்கள் மூன்று பேரும் சிரிப்பீர்கள், நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பேன். என்ன அர்த்தம் என்று கேட்க ரோஷமாக இருக்கும். இப்போது ரோஷத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறேன். அம்மா என்னிடம் என்ன கேட்டாள்? அதை நான் கொடுத்தேனா, இல்லை கொடுக்காமலே அனுப்பிவிட்டேனா? இது தெரியாமல் எனக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்க மாட்டேன் என்கிறது.

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கேட்ட வார்த்தை எனக்குத் தெரியாது.

மற்றபடி உன் கடிதத்தில் சில திருத்தங்கள். சாட்சி அப்பா சொன்னது இல்லை. ஓவர்சியர் சொன்னது. "ரெண்டே நிமிஷம், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று நுழைந்து, சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, தட்டிலிருந்த பிஸ்கட்டையெல்லாம் தீர்த்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தார். அப்பா, "அதையும் எடுத்துக்குங்க" என்றார். "இருக்கட்டும் சார், சாட்சிக்கு ஒண்ணு" என்றார் அவர். அப்பா அதைப் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தன்னுடையதாக்கிக்கொண்டார். வார்த்தையைப் பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர்.

அப்புறம், துடைப்பது முக்காலிக்கு முன்னால் வரும். அது எச்சரிக்கை. அதைக் கவனிக்காமல் நாம் சத்தம் போட்டால்தான் முக்காலி. நீ பாதி நாள் ஹாஸ்டலில் இருந்ததால் வரிசை தெரியவில்லை.

இன்னொன்று. 'காய்ச்சல்ல பெனாத்துறாங்க' என்று நர்ஸ் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நீ எனக்குப் போனில் சொன்னது 'லேசான காய்ச்சல்'. அந்த 'லேசான' எங்கே போயிற்று? அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் இங்கே ஒரு லிப்டுக்குக் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

தம்பி


பிப்ரவரி 2

பொட்டலத்துக்கு,

ஓவர்சியர் விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். பிஸ்கட் அவர் தின்றது உண்மை. ஆனால் அந்த மனுஷர் ஓவர்சியரே இல்லை, தெரியுமா உனக்கு? இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவர். தெருவில் யார் வீட்டில் என்ன வேலை நடந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்ப்பார் என்று அப்பா வைத்த பெயர் அது. அவர் நிஜப் பெயர் நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் வந்த பிறகுதான் நமக்கு 'ஓவர்சியர் நிமிஷம்' என்று ஒரு அளவு கிடைத்தது. நான் குளிக்கப் போனால் நீ கதவைத் தட்டி, "எத்தனை ஓவர்சியர் ஆகும்?" என்று கேட்பாய். வரிசை தெரியாத ஹாஸ்டல்காரிக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது பார்.

அந்த வரி எனக்கு வலித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வலிக்கட்டும் என்றுதானே எழுதினாய்?

'லேசான' என்பது என் வார்த்தை இல்லை, டாக்டருடையது. அவர் கொடுத்ததை அப்படியே உனக்குக் கொடுத்தேன். மறுநாளே அது லேசாக இல்லாமல் போய்விட்டது. நான் உனக்குப் போன் செய்தேன், செய்துகொண்டே இருந்தேன். நீ லிப்ட் குழிக்குள் இருந்தாய், அங்கே சிக்னல் கிடைக்காது. இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாசலில் நின்று அப்படிக் கத்தினோம். யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் நீ இருந்தாய், உன் பக்கத்தில் நான் இருந்தேன்.

இப்போது உன்னுடைய 'தெரியாது'க்கு வருகிறேன். சின்ன வயதிலிருந்தே நிஜத்தைச் சொன்னால் நீ வளவளவென்று ஒரு கதையே சொல்லுவாய். பொய் என்றால் ஒற்றை வரி. மாடிப் பூந்தொட்டி உடைந்த அன்றைக்கு, "யாருடா உடைச்சது?" என்று அம்மா கேட்டாள். "தெரியாது" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குச் சாப்பிட்டாய், உன் முட்டியெல்லாம் மண். போன கடிதத்தில் ஒரு பிஸ்கட்டுக்கு அத்தனை வரி எழுதியிருக்கிறாய். அம்மா கடைசியாகக் கேட்ட வார்த்தைக்கு ஒரே வரி. முட்டியைக் காட்டு பார்ப்போம்.

அக்கா


பிப்ரவரி 17

மேடத்துக்கு,

நீ மட்டும் பொட்டலம் என்று கூப்பிடுவாய், நான் சும்மா இருக்க வேண்டுமா? எனக்குக் கீழே வேலை செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், தொப்பைகூடப் போட்டுவிட்டது, இன்னும் பொட்டலம்! பிறந்த அன்றைக்குத் துணியில் இறுக்கிச் சுற்றி மூக்கு மட்டும் தெரிந்ததாம், "இந்தப் பொட்டலத்துல என்ன இருக்கு?" என்று நீ கேட்டாயாம். அந்த ஒரு கேள்விக்கு நான் ஆயுசு முழுக்க வரி கட்டுகிறேன். மேடம் எப்படி வந்தது என்றும் ஞாபகப்படுத்துகிறேன். ஹாஸ்டலிலிருந்து முதல் லீவுக்கு வந்தவள் கைக்குட்டையை நாலாக மடித்து மடியில் விரித்துக்கொண்டு சாப்பிட்டாய். அம்மா, "மேடத்துக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றாள். நீ அழுதுகொண்டே எழுந்து போனாய். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. நீ விருந்தாளி என்று எழுதியதைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது. என் மகளுக்கு, அதுதான் உன் மருமகளுக்கு, பள்ளிக்கூடத்தில் பரீட்சை. 'கோபம் என்பதற்கு மாற்றுச்சொற்கள் எழுதுக' என்று கேள்வி. அவள் 'முக்காலி, துடைக்கிறார், தபால்' என்று எழுதிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொல்லிப் பார்த்தேன். "மேடம், நீங்க எதிர்பாக்கிற சினம், ஆத்திரம், சீற்றம் மூணையும் யார் வேணா எந்த எடத்துல வேணா மாத்திப் போடலாம். எங்க முக்காலி இருக்கிற எடத்துல தபாலப் போட முடியாது, அர்த்தமே மாறிடும்" என்றேன். அவர் தண்ணீர் குடித்தார். மார்க் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரி, "மொதல்ல உங்க வீட்டு பாஷைக்கு ஒரு அகராதி போட்டுக் குடுங்க, அப்புறம் குடும்பம் நடத்தலாம்" என்கிறாள். பாவம், கல்யாணமான புதிதில் துணிக்கடைக்குப் போய் ஒரு புடவையைத் தொட்டாள். "அது மூணாவது அலமாரி" என்றேன். அவள் கடையில் மூன்றாவது அலமாரியைத் தேடிப் போய்விட்டாள். அம்மா வேலை பார்த்த துணிக்கடையில் விலை கூடின சரக்கெல்லாம் மூன்றாவது அலமாரியில் இருந்தது என்றும், காலையிலிருந்து கடை சாத்துகிறவரை உட்கார ஒரு ஸ்டூல்கூடத் தராத அந்தக் கடையில் அம்மா அதை எடுத்துக் காட்ட மட்டும்தான் செய்தாள் என்றும் அவளுக்கு எப்படித் தெரியும்?

நீ கேட்ட வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கடையில் அம்மாவுக்குப் பக்கத்துக் கவுண்டரில் நின்ற ஒரு பெண்ணுக்கு அம்மா வைத்த பட்டப்பெயர் நிக்கிலி. பழைய சிநேகிதியைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான். நீ கொடுக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அதை மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

மகள் உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். போக வேண்டும்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. சிநேகிதிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். உன் அத்தான்கூட, "முகம் தெளிஞ்சிருக்கே" என்றார். அதோடு விட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் புத்தி போதாது. அம்மா பார்க்க ஆசைப்பட்ட ஆளை நாமாவது போய்ப் பார்ப்போமே என்று, லீவு நாளில் விசாரித்துக்கொண்டு போனேன். மகன் வீட்டில் இருக்கிறார். நல்ல மனுஷி. என் கன்னத்தைத் தடவி, அம்மாவைப் பற்றி நிறையப் பேசினார். நான் கிளம்பும்போது, "உங்களுக்கு நிக்கிலின்னு பேராமே" என்றேன். "நிக்கிலியா? அதென்னடி அது? உங்கம்மா என்னை ஊசின்னுதான் கூப்பிடுவா. வாய் அப்படி எனக்கு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் வந்த கோபத்துக்கு நம் பாஷையில்கூட வார்த்தை இல்லை.

பொய் சொல்கிறவன் செத்துப்போன ஆளாகப் பார்த்துச் சொல்ல வேண்டாமா? எனக்கு ஆறுதல் வேண்டும் என்று கேட்டேனா? ஆறுதல் சொல்ல இங்கே தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அர்த்தம் சொல்ல நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். நீ மறைக்க மறைக்க எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? அம்மா ஏதோ சின்னதாக, என்னால் கொடுக்க முடிந்ததாக ஒன்றைக் கேட்டிருக்கிறாள். நான் மரம் மாதிரி நின்றிருக்கிறேன். அதைச் சொன்னால் அக்கா உடைந்துபோவாள் என்று பயந்துதானே சிநேகிதி, கவுண்டர் என்று கதை கட்டுகிறாய்?

அன்றைக்கு நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீதான் அங்கே இல்லையே, கேட்டுக்கொள். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

காலையில் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். "வந்துட்டிருக்கான்மா" என்றேன். உன் போன் கிடைக்காத நேரம் அது, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். மத்தியானம் மூச்சு மாறியது. அப்போதுதான் அந்த வார்த்தையை ஆரம்பித்தாள். தண்ணீர், தலையணை, ஜன்னல் எல்லாம் உனக்கு எழுதிவிட்டேன். அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் கொடுத்துப் பார்த்தேன். உன் மகள் போட்டோவைக் காட்டினேன். அதைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துவிட்டு மறுபடி 'நிக்கிலி' என்றாள். "அம்மா, எனக்குப் புரியலம்மா, வேற மாதிரி சொல்லும்மா" என்று கெஞ்சினேன். வேறு மாதிரி சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தேன். போர்வைக்கு வெளியே அவள் பாதம் ஜில்லென்று இருந்தது. இரண்டு உள்ளங்காலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவள் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். என் கனமெல்லாம் கையில் இறங்க, அந்தப் பாதங்களை அழுத்திக்கொண்டு அப்படியே சாய்ந்து கிடந்தேன். அதற்குப் பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இவளிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

இனி நீ எழுதுவதாக இருந்தால் நிஜத்தை எழுது. இல்லையென்றால் எழுதாதே.

அக்கா


மார்ச் 20

அக்கா,

உன் கடிதத்தை ஒரு கட்டிடத்தின் உச்சியில், லிப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து படித்தேன். கூட வந்த ஆளைக் கீழே அனுப்பிவிட்டு மறுபடி படித்தேன். மெஷின் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

பட்டப்பெயர் கதை பொய். 'தெரியாது' என்றதும் பொய். நிக்கிலி என் வீட்டில் இப்போதும் தினமும் சொல்கிற வார்த்தை. வளவளவென்றே எழுதுகிறேன், நீயே நிஜம் என்று கண்டுபிடித்துக்கொள்.

நீ ஹாஸ்டல் போன புதிதில்தான் அம்மா துணிக்கடையில் சேர்ந்தாள். சாயங்காலம் வரும்போதே தாங்கித் தாங்கி வருவாள். செருப்பைக் கழற்றுவாள், பையை ஆணியில் மாட்டுவாள், முகம்கூடக் கழுவாமல் தரையில் குப்புறப் படுத்துவிடுவாள். உள்ளங்கால் இரண்டும் கூரையைப் பார்க்கும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தில் ஒரு கால், இன்னொரு பாதத்தில் இன்னொரு கால் என்று ஏறி நிற்பேன். சும்மா நிற்க வேண்டும், ஆடக் கூடாது. நாள் முழுக்க நின்ற வலி, மேலே இன்னொருத்தர் நின்றால் போகும் என்பது அவள் வைத்தியம். கேட்காமல் ஏறினால் சுளுக்கிக்கொள்ளும் என்று, "நிக்கவா இல்லியா?" என்று கேட்டுத்தான் ஏறுவேன். தினமும் கேட்டுக் கேட்டு வாயில் தேய்ந்து அது 'நிக்கிலி' ஆகிவிட்டது. பிறகு அம்மாவே கேட்க ஆரம்பித்தாள். கதவைத் திறக்கும்போதே, "நிக்கிலி?" என்பாள். நான் விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வருவேன்.

போதும் என்பதற்கும் ஒரு வார்த்தை இருந்தது. "எறங்கவா இல்லியா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். வலி விட்டதும் "எறங்கிலி" என்று சொல்லுவாள். சொன்ன அடுத்த மூச்சில் தூக்கம். நான் சத்தம் போடாமல் இறங்கி, விளக்கை அணைத்துவிட்டுப் போவேன்.

அப்பா கனமான ஆள், ஏற முடியாது. நீ வீட்டில் இல்லை. உன் லீவு நாட்களில் அவள் வலியைக் காட்டிக்கொள்ள மாட்டாள். "புள்ள நாலு நாளைக்கு வருது, அவ முன்னாடி எதுக்குப் படுத்துக் கெடக்கணும்?" என்பாள். உன்னை விருந்தாளியாக வைத்துவிட்டோம் என்று நினைக்கிறாய். அவள் உனக்குத் தெரியாமல் வலியை மறைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அதனால் அந்த வார்த்தைக்கு இருந்தது ஒரே ஒரு ஆள், நான். உன் முதல் கடிதத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், நான் போகவில்லை. அதை எப்படி எழுதுவேன்? 'தெரியாது' என்று எழுதினேன். நீ விடவில்லை, கதை கட்டினேன். உன்னைக் காப்பாற்ற இல்லை அக்கா, என்னைத்தான்.

இப்போது என் மகள் என் பாதத்தில் ஏறி நிற்கிறாள். படி ஏறி ஏறி என் காலும் அம்மா கால் மாதிரி ஆகிவிட்டது. அவளும் நிக்கிலி என்றுதான் கேட்கிறாள். உனக்கு 'தெரியாது' என்று எழுதி ஒட்டிய அன்றைக்கும் வந்து கேட்டாள். "இன்னிக்கு வேணாம் கண்ணு" என்றேன்.

ஊர்ப் பேச்சில் இதற்கு என்ன வார்த்தை என்று யோசித்துப் பார்த்தேன். 'காலைப் பிடித்துவிடு' கிட்ட வருகிறது. 'வந்துட்டியா' என்பதும் கொஞ்சம் இருக்கிறது, 'போகாதே, இங்கேயே நில்' என்பதும் கொஞ்சம் இருக்கிறது. எதைப் போட்டாலும் முழுசாக மூடவில்லை.

அக்கா, உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் உள்ளங்காலில் உன் கனம் முழுக்க வைத்துச் சாய்ந்து கிடந்தாயே, அதுதான் நிக்கிலி. அவள் கேட்டது அதைத்தான். தெரியாமல் செய்தாய், ஆனால் செய்துவிட்டாய். அலுத்துப்போய் அவள் நிறுத்தவில்லை. கிடைத்துவிட்டது என்று நிறுத்தினாள்.

ஏற்கெனவே பொய் சொல்லி மாட்டியவன் நான். இதுவும் ஆறுதல் கதை என்று நீ நினைத்தால் உன்மேல் தப்பில்லை. நிரூபித்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

பொட்டலம்


மார்ச் 29

என் பொட்டலத்துக்கு,

உன் கடிதத்தைக் கடையில் பிரித்தேன். ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிக் காது பின்னால் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டிய நேரம். அவர் பாவம், கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் முன்னாலேயே அழுதேன். "பவர் ரொம்ப ஏறிடுச்சாம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார். "இல்லைங்கய்யா, உங்க கண்ணு நல்லா இருக்கு" என்றேன். முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நிரூபிக்க ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறது, தம்பி. என்னிடம் இருக்கிறது.

போன கடிதத்தில் அன்றைக்கு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன் என்று எழுதினேன். முழுதாகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். நான் அவள் காலை அழுத்திக்கொண்டு கிடந்தேன் இல்லையா, கொஞ்ச நேரம் கழித்து அம்மா இன்னொரு வார்த்தை சொன்னாள். ஒரே ஒரு தடவை. கேட்கிற குரல் இல்லை, சொல்கிற குரல். எனக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆனால் அவள் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தூங்கினாள்.

அதை நர்ஸிடம் சொல்லவில்லை, அத்தானிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் உனக்குக் கொட்டிவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஏன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் தட்டு காலியாகிவிடும் என்று இருந்தது. சாட்சிக்கு ஒன்று இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

நான் சொல்லாத அந்த வார்த்தையை நீ உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய், தம்பி. 'எறங்கிலி.'

நீ குழந்தையாக நின்ற இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அவள் நன்றாக இருக்கும்போது என் முன்னால் காலைக்கூட நீட்டிப் படுக்காதவள், போகும்போது என்னைப் பார்த்து வலி விட்டது, இறங்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான்தான் அர்த்தம் தெரியாமல் இத்தனை நாள் இறங்காமலே நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு.

லீவு போட்டு வீட்டுக்காரியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வா. ரெண்டே நிமிஷம் போதும், ஓவர்சியர் நிமிஷம். அகராதி வேண்டும் என்றாளே உன் பெண்டாட்டி, நானும் நீயும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்போம். சாட்சி யார் சொன்னது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் மருமகளுக்கு அந்த டீச்சர் தராத மார்க்கை நான் தருகிறேன். எனக்கும் நாள் முழுக்க நின்று நின்று கால் வலிதான், அவள் வந்து நிற்கட்டும்.

சாட்சியைத் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டாகப் பிய்த்தால் எடுக்கலாம். அம்மா போட்ட சட்டம். அவள் உன்னைக் கூப்பிட்ட நிக்கிலி உன்னுடையது, அதை நீ வைத்துக்கொள். எறங்கிலி என்னுடையது.

மேடம்